முட்டுச்சந்து ஊர்

வீலண்ட், மொசல் என்ற ஆற்றின் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் காப்பிக் கோப்பைகளை வைத்து அழுத்தியபோதே, இன்றைக்கு இது லேசில் முடியாது என்று ரோஸ்வித்தாவுக்குத் தெரிந்துவிட்டது. நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் எந்தப் பயணத்துக்கும் தங்கும் ஊரைத் தேர்ந்தெடுத்தவர் அவள் கணவர் வீலண்ட்தான். ஒரே ஊர், ஒரே அறை. காலையில் கிளம்பிச் சுற்றிவிட்டு சாயங்காலம் அங்கேயே திரும்பிவிட வேண்டும். அதற்கென்று ஒரு தடித்த கோப்பு வைத்திருந்தார். மனிதர் கல்யாண ஆல்பத்தைக்கூட அவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை.

இதுவரை போனதெல்லாம் காரில். பிப்ரவரியில் அவர் தன் லைசென்ஸை நகராட்சியில் ஒப்படைத்துவிட்டு, பதிலுக்கு ஒரு வருட இலவச பஸ் பாஸை வாங்கிக்கொண்டு வந்தார். ஒப்படைக்க வைத்தவள் ரோஸ்வித்தா. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"கோஹெம்," என்றார் வீலண்ட், பென்சிலால் வட்டம் போட்டு. "பெரிய ரயிலே நிக்குது. இந்தப் பக்கமும் போலாம், அந்தப் பக்கமும் போலாம். ஸ்டேஷன்லேர்ந்து ரூம் ஏழு நிமிஷம். முடிஞ்சுது."

"ட்ராபன்," என்றாள் அவள்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ட்ராபனா? ரோஸி, அது முட்டுச்சந்து. புல்லாயில இறங்கி, ரெண்டு பெட்டி வண்டியில மாறி ஏறணும். அது இருபது நிமிஷம் உருண்டு போய் முட்டிக்கிட்டு நிக்கும். எங்க போகணும்னாலும் மறுபடி புல்லாய்க்கே வரணும். அங்க போய் யாராவது தங்குவாங்களா?"

"அமைதியா இருக்கும்."

"சுடுகாடும்தான் அமைதியா இருக்கும்."

"ஒயின் நல்லா இருக்கும்."

"மொசல் கரையில எங்க ஒயின் நல்லா இல்ல, சொல்லு பாப்போம்."

அவர் சொன்னதெல்லாம் நியாயம். அதுதான் அவளுக்குச் சங்கடம். வரைபடத்தைப் பார்க்கிறவளைப் போல அவள் குனிந்துகொண்டாள். நவம்பரில் மருத்துவர் இருவரையும் எதிரே உட்கார வைத்து நோயின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் வீட்டுக்குள் நுழையவில்லை. வீட்டில் அதற்கு 'கொஞ்சம் மறதி' என்று பெயர். மார்ச்சில் வீலண்ட் தம்பியைப் பார்க்கத் தனியாக ரயிலேறிப் போனார். நாலு மணி நேரம் கழித்து ஏதோ ஒரு நடைமேடையிலிருந்து போன் வந்தது. எந்த ஊர் என்று கேட்டால் தெரியவில்லை. எதிரே இருக்கும் பலகையைப் படி என்றால், அவர் ஒரு கண்ணாடிக் கடை விளம்பரத்தைப் படித்தார். கடைசியில் அந்த வழியாகப் போன ஒரு பெண்தான் போனை வாங்கி ஊர்ப் பெயரைச் சொன்னாள். வண்டியில் தூங்கிவிட்டதாக அவர் சொன்னார். அவளும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வைத்தாள்.

"மார்ச் மாசத்துக்காகத்தானே?" என்றார் வீலண்ட்.

அவள் நிமிர்ந்தாள். பொய் சொல்லக் கொஞ்சம் அவகாசம் இருந்தது. மனம் வரவில்லை. "ஆமா. அங்க வண்டி அதுக்கு மேல போகாது, வீலண்ட். நீ தூங்கினாலும், மறந்தாலும், அங்கதான் கொண்டு வந்து விடும்."

அவர் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வரைபடம் தானாகச் சுருண்டுகொண்டது.

"சரி, உன் ஊர்லயே தங்கலாம். ஆனா ஒரு நாள் நான் தனியாப் போய்ட்டு தனியா வருவேன். நீ ஸ்டேஷன்ல வந்து நிக்கக் கூடாது. அது நடந்துட்டா, அப்புறம் தம்பி வீட்டுக்குப் போறப்ப என்னைத் தடுக்கக் கூடாது. எங்கயும் தடுக்கக் கூடாது."

"நடக்கலைன்னா?"

"நடக்கலைன்னா நீ சொல்ற மாதிரி."

செப்டம்பரில் போனார்கள். ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீட்டு மாடியில் அறை. முதல் மூன்று நாள் சேர்ந்தே சுற்றினார்கள்; வீலண்ட் நன்றாகத்தான் இருந்தார். புல்லாயில் வண்டி மாறும்போது அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார், ட்ராபன் பாலத்தில் நின்று எதிர்க்கரைச் சரிவில் எத்தனை வரிசைத் திராட்சைக் கொடி என்று பந்தயம் கட்டினார். மருத்துவரே தப்பாகச் சொல்லியிருப்பாரோ என்றுகூட அவளுக்கு ஆசை வந்தது.

நான்காம் நாள் காலை ஒன்பது மணி வண்டியில் தனியாகக் கிளம்பினார். கோஹெமுக்குப் போய்க் கோட்டையைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்கு வந்து சேரும் வண்டியில் திரும்புவதாகத் திட்டம். போன பிறகு பார்த்தால் போன் கட்டில்மேல் கிடந்தது. அவர் அதை மறக்கவில்லை என்று அவளுக்கு உறுதியாகத் தெரியும்.

ஸ்டேஷனில் நிற்க மாட்டேன் என்றுதான் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற ரொட்டிக் கடையில் உட்கார மாட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டரைக்கே போய் ஜன்னலோர மேசையைப் பிடித்தாள். பிளம் கேக் வாங்கி, ஒரு வாய் தின்று, தட்டைத் தள்ளி வைத்தாள். மூன்று மணி வண்டி வந்தது. சைக்கிள்காரர்கள் இறங்கினார்கள், முதுகுப் பை போட்ட இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர் வரவில்லை. கோட்டையில் நேரமாகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாசல் வரை போனவள் வாக்கை நினைத்துத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். நான்கு மணி வண்டியும் வந்து போனது.

ஐந்து மணி வண்டி வந்தபோது, வாக்கும் கீக்கும் யாருக்கு வேண்டும் என்று சாலையைக் கடந்து ஓடினாள். எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். ஓட்டுநர் தன் பையைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் போவதற்காக வண்டியின் மறுமுனைக்கு நடந்துகொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அந்தச் சாம்பல் நிறத் தொப்பி தெரிந்தது. வீலண்ட் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, டாக்டர் கூப்பிடக் காத்திருப்பவரைப் போல நேராக உட்கார்ந்திருந்தார்.

"உங்க ஆளா?" என்றார் ஓட்டுநர். "ரெண்டு மணி நேரமா என் வண்டியிலதான் இருக்காரு. புல்லாய்க்கும் இங்கயுமா வந்து போய்க்கிட்டு. டிக்கெட் வச்சிருக்காரு, யாருக்கும் தொந்தரவு இல்ல. அப்புறம் நான் என்னன்னு கேக்குறது?"

ஓட்டுநர்மேல் கோபப்பட அவளுக்கு வழியில்லை. அவளாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். டிக்கெட் வைத்திருக்கும் மனிதரை எங்கே போகிறீர்கள் என்று இந்த ஊர்ப்பக்கம் யாரும் கேட்பதில்லை. அவளுக்குத் தாங்க முடியாமல் போனது வேறு. அந்த மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் அவர் இதே இடத்தில், இதே ஜன்னலோரம் இருந்திருக்கிறார். ஐம்பதடி தூரத்தில் கேக்கை முன்னால் வைத்துக்கொண்டு அவள் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். வண்டி இதற்கு மேல் போகாது என்பதைத்தான் யோசித்தாள். வந்த வழியே திரும்பிப் போகும் என்பது அவள் புத்தியில் உறைக்கவே இல்லை.

ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் இறங்கினாங்க," என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "இதுதான்னு எனக்கும் பட்டுது. ஜன்னல்ல தெரிஞ்ச ஆறு சரியாத்தான் இருந்துச்சு. ஆனா வண்டி மறுபடி கிளம்பிடுச்சு. அங்க அதுக்கு மேல போகாதுன்னு நீ சொன்னேல்ல? அப்ப இது அந்த ஊரா இருக்க முடியாதுன்னு உக்காந்துட்டேன்."

"நான்தான் தப்பா சொல்லிட்டேன், வீலண்ட்."

"எத்தனை தடவை வந்தேன்?"

"மூணு."

அவர் அதை மனதுக்குள் கூட்டிப் பார்ப்பதைப் போலத் தலையாட்டினார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவள் கண்டாள். அவர் புரியாமலே இருந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. கர்ச்சீப்பைத் தேடுகிற சாக்கில் பையைக் கிளறினாள்.

"கோட்டை வரைக்கும் போனேன்," என்றார். "அது நிஜம். மேல ஏறிப் பாத்தேன்."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்? சும்மா சொல்லாதே."

வண்டி கிளம்பப்போகும் அறிவிப்பு கேட்டது. வீலண்ட் எழுந்தார். கதவுப் பொத்தானைத் தானே அழுத்தி, அவள் கையைப் பிடிக்காமல் தானே இறங்கினார். எந்த ஊரிலும் அவளுக்கு அரை அடி முன்னால் நடந்தே பழகிய மனிதர். நடைமேடையில் இரண்டு எட்டு வைத்தார். பிறகு நின்று, வலது இடது என்று எதையும் பார்க்காமல், அவள் இறங்கி எந்தப் பக்கம் நடக்கிறாள் என்று காத்திருந்தார்.