கோழி ஈரல் பார்த்த மெசின்

மெசினுக்கு மாலை போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வார்டிலிருந்து குளிக்கப் போகும் வழியில் ஹிதாயா அதைக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். வாசலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். ஏணியில் நின்ற சிற்றூழியர் ஒருவர் வாயால் பலூன் ஊதிக்கொண்டிருந்தார். சுவருக்குப் புதுப் பெயின்ற். பக்கத்தில் நோயாளர் கக்கூசுக்குக் கதவே இல்லை.

ஏறாவூரில் மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்கு விடிய இடியப்பம் பிழிபவள் ஹிதாயா. புருஷன் பதியுதீன் கட்டாரில் முதுகை முறித்துக்கொண்டு வந்த நாளிலிருந்து வீடு அவளது வலது கையில்தான் ஓடியது. மார்பில் இருப்பது புற்றுநோய் என்று சொன்னபோதுகூட அவள் முதலில் கேட்டது கையைப் பற்றித்தான்.

"நோய் கக்கத்துக்குப் பரவியிருந்தா அங்க உள்ள நெறிக்கட்டி எல்லாத்தையும் எடுக்கணும்" என்றிருந்தார் பெரிய டொக்டர். "எடுத்தா கை வீங்கலாம். பாரம் தூக்க ஏலாது, அடுப்புச் சூடும் ஆகாது. ஆனா இப்ப மெசின் வந்திட்டு. நோய் முதல்ல போற நெறிய மட்டும் எடுத்து, நீங்க மயக்கத்தில கிடக்கக்குள்ளயே உறைய வச்சு வெட்டிப் பார்ப்பம். அதில ஒண்டுமில்லாட்டி மிச்சத்தத் தொடமாட்டம்."

அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் வந்து படுத்தாள். ஒப்பரேஷனுக்கு முதல்நாள் பின்னேரம் டொக்டர் மாணவர்கள் சூழ வந்தார்.

"நாளைக்கு மெசின் இல்ல."

"பழுதாப் போயிட்டா டொக்டர்?"

"பழுதில்ல. வியாழக்கிழமைதான் திறப்பு விழா. அமைச்சர் வாறார். அதுக்கு முதல் தொடக்கூடாதெண்டு பணிப்பாளர்ர ஓடர்."

"அப்ப என்னை வெள்ளிக்குப் போடுங்களன்."

"விழாவுக்காக நாளை மத்தியானத்திலிருந்து ஒப்பரேஷன் தியேட்டர் பூட்டு. உங்களக் காலையிலயே முடிக்கிறம். இத விட்டா லிஸ்டில அடுத்த இடம் ரெண்டு மாசத்துக்குப் பிறகுதான். கட்டி அதுவரைக்கும் உங்களுக்காகக் காத்திருக்குமா?"

மாணவர்கள் சிரித்தார்கள். டொக்டர் அந்தச் சிரிப்போடு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தாதி கஜானி தலையணையைச் சரிசெய்தபடி குனிந்தாள். "என்ன செய்யிற கா? மெசின் நல்லாத்தான் ஓடுது. பொருத்த வந்தவங்க கோழி ஈரல் வாங்கிவந்து வெட்டிப் பாத்தவங்க. வடிவா வெட்டிச்சாம்."

"கோழி ஈரலயா மிஸி?"

"ஓம்."

"அப்ப கோழிக்கு அமைச்சர் வரத் தேவையில்ல. நல்ல செல்வாக்குள்ள கோழிதான்" என்றாள் ஹிதாயா. கஜானிக்குச் சிரிப்பு வந்தது. ஹிதாயாவுக்கு வரவில்லை.

காலையில் மார்பை அறுத்தார்கள். பாதுகாப்புக்கென்று கக்கத்து நெறிக்கட்டிகளையும் முழுதாக வழித்தெடுத்தார்கள்.

வியாழக்கிழமை வார்டுக் கட்டில்களுக்கெல்லாம் புது விரிப்பு வந்தது. கக்கத்தில் சொருகிய குழாயும் போத்தலுமாக ஹிதாயா அதன்மேல் கிடந்தாள். அசையாதே, விரிப்பு சுருங்கும் என்று மேற்பார்வையாளர் அதட்டினார். ஒலிபெருக்கியில் அமைச்சர், கிழக்கின் தாய்மாருக்குத் தன் அன்புப் பரிசு என்றார். கைதட்டினார்கள், பட்டாசு கொளுத்தினார்கள், பற்றிஸ் தின்றார்கள். அமைச்சரின் வாகனம் வளவைத் தாண்டியதும் விரிப்புகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவளை மட்டும் கொஞ்சம் புரட்டி எடுக்க வேண்டியிருந்தது.

கிழமைகள் கழித்துக் கிளினிக்கில் டொக்டர் முகம் மலர்ந்தார். "எடுத்த நெறி ஒண்டிலயும் நோய் இல்ல. பரவவே இல்ல. நீங்க அதிர்ஷ்டசாலி!"

"அப்ப நல்லத ஏன் எடுத்தீங்க டொக்டர்?"

அவர் மணியை அடித்தார். அடுத்தவள் உள்ளே வந்தாள்.

மறுநாள் விடிய, முற்றத்தில் நின்று பதியுதீன் மச்சானுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அல்ஹம்துலில்லாஹ், ஒண்டுமில்லையாம். எல்லாம் சுத்தமாம்."

குசினியில் ஹிதாயா இடியப்ப உரலில் மாவை நிரப்பினாள். வலது கை முழங்கை வரை வீங்கிப் பளபளத்தது. சட்டைக் கையை வெட்டிவிட்டிருந்தாள். பல்லைக் கடித்து அமுக்கினாள். பிறகு நெஞ்சின் தட்டையான பக்கத்தை உரல் பிடியில் வைத்து, முழு உடம்பாலும் அமுக்கினாள். நாலு நூல் இறங்கித் தட்டைத் தொடாமல் தொங்கியது. வாசலில், இடியப்பம் எடுக்க வந்த கடைக்கார முனாப் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹோர்ன் அடித்தார்.