எட்டு மடிப்பு

குப்பைப் பையை ஏன் தெருவிலுள்ள தொட்டியில் போடக்கூடாது என்று ஜெர்மனியிலிருந்து ஒருவன் கேட்டு எழுதியிருந்தான். இதே கேள்வியைக் கேட்ட எத்தனையாவது ஆள் இவன் என்று பெய்லானுக்கு நினைவில்லை. தொட்டி இருந்தால் தைபேய்க்காரர்கள் நாங்கள் சாயந்திரமானால் ஏனய்யா பையும் கையுமாக ஓடுகிறோம்? வண்டி வரும், பியானோ பாட்டுப் போடும், ஓடிப்போய் எறியவேண்டும். இதைப் பச்சைக்குழந்தைக்குச் சொல்வதுபோல அவள் ஆங்கிலத்தில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது.

அவளும் அவள் புருஷன் மிங்ஷானும் சேர்ந்து செய்த கணினி ஆட்டத்தைப் பற்றித்தான் அந்தக் கேள்வி. பெயர் 'வண்டி வருது'. கைக்கணினியின் திரையில் குச்சியால் கோடு இழுத்தால், பனியன் போட்ட ஒரு ஆள் மாடிப்படி இறங்கிப் பையோடு ஓடுவான். நாய் குறுக்கே வரும். செருப்பு அறுந்துபோகும். பக்கத்து வீட்டுக்காரி நிறுத்திவைத்து மருமகளைப் பற்றிப் புலம்புவாள். வண்டியைத் தவறவிட்டால் தோல்வி என்று எதுவும் கிடையாது. பை வீட்டுக்குத் திரும்பும், நாற்றம் ஏறும், அவ்வளவுதான். 'இதில் எப்படித் தோற்பது என்று புரியவில்லை' என்று இன்னொருவன் எழுதியிருந்தான். எனக்கும் புரியவில்லையப்பா என்று பெய்லான் வாய்விட்டே சொன்னாள்.

படம் வரைவது, ஆங்கிலத்தில் பதில் எழுதுவது, வெளிநாட்டு இணையக் கடைக்கு விவரம் நிரப்புவது எல்லாம் அவள் வேலை. நிரல் எழுதுவது மிங்ஷான் வேலை. குவாங்ஹுவா கணினிச் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில், மூன்றாம் மாடி வீட்டில், ஒரே அறையில் இரண்டு மேசை. இந்த வேலை அவளுக்கு எப்போதோ அலுத்துவிட்டது. முதுகு வலி, கண் எரிச்சல், ஊர் பேர் தெரியாதவனின் நொட்டைச் சொல். போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்படியும் அவள் விடாமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் சூசோவ்.

கடலுக்கு அந்தப் பக்கம், சீனாவின் சூசோவில், கைபேசி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மிங்ஷானுக்கு வேலை காத்திருந்தது. கூடப் படித்த வெய்சியோங் அங்கே மேலாளர். நல்ல சம்பளம், தங்க இடம், வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வர விமானச் சீட்டு. பெய்லான் கூடப் போக முடியாது. மாமியாருக்கு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யவேண்டும், கூட்டிப்போக வேறு ஆள் இல்லை.

"கைக்கணினிய இப்ப எவன் வாங்கறான், ஆ-லான்? கடைக்காரனே பின்னாடி அலமாரிக்குத் தள்ளிட்டான்" என்று மிங்ஷான் சொல்லியிருந்தான். "இந்தத் தள்ளுபடி வாரம் ஒண்ணு பாப்போம். நல்லா வித்துச்சுன்னா இங்கயே கெடப்போம். இல்லேன்னா நான் போறேன். சனிக்கெழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"சரி" என்றாள் அவள். வேறென்ன சொல்வது? போகாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்ததுதான். ஆனால் சொன்னால் ஆயிற்றா? வாடகையை யார் கொடுப்பது? வயிற்றுப்பாட்டுக்கு ஓடுகிறவனை முந்தானையைப் போட்டு மறித்தாள் என்ற பேர் வேறு எதற்கு? இப்படி அடக்கி அடக்கியே அந்த ஒரு வார்த்தை அவள் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

கீழ்த்தளத்தில் கைபேசி உறை விற்கும் ஹோங் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பயம் தட்டும். அக்காவின் புருஷனும் இப்படித்தான் அந்தப் பக்கம் போனார். முதல் வருஷம் அடிக்கடி வந்தார். அப்புறம் புது வருஷத்துக்கு மட்டும் வந்தார். "இப்ப அவர் வரதில்லடி. பேரிக்காப் பெட்டி மட்டும் வருது. பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் காதுகொண்டு கேட்க முடியாது.

தள்ளுபடி வாரத்துக்கான விவரத்தைப் பெய்லான் வியாழக்கிழமை மதியம் நிரப்பினாள். அந்த இணையக் கடையின் முகப்பில் இரண்டே வரிசைதான். புதியவை, தள்ளுபடியில் உள்ளவை. 'வண்டி வருது' புதியதாக இருந்த காலம் மலையேறிப் போயாயிற்று. இனி உள்ளே நுழைய ஒரே வாசல் தள்ளுபடிதான். பத்தில் இரண்டு பங்காவது விலை குறைத்தால் முகப்பில் இடம் உண்டு என்றார்கள். எங்கள் கணக்கில் அதற்கு எட்டு மடிப்பு என்று பேர்.

இங்கேதான் வினையே. எங்கள் ஊரில் கடைக்காரன் எட்டு மடிப்பு என்று பலகை எழுதினால், பத்தில் எட்டைக் கொடு, இரண்டு உனக்கு மிச்சம் என்று அர்த்தம். கொடுக்கவேண்டியதைச் சொல்வது எங்கள் வழக்கம். வெள்ளைக்காரன் குறைப்பதைச் சொல்கிறவன். இது பெய்லானுக்குத் தெரியாதா? பேஷாகத் தெரியும். ஆனால் முன்பெல்லாம் அந்தக் கடைக்காரர்கள் என்ன விலைக்கு விற்கவேண்டும் என்று நேராகக் கேட்பார்கள். இந்தத் தடவை யாரோ ஒரு புத்திசாலி அதை மாற்றி, தள்ளுபடி என்று போட்டுப் பக்கத்தில் ஒரு கட்டமும் ஒரு சதவீதக் குறியும் வைத்துவிட்டான். அந்த நேரம் பார்த்துக் கீழே ஹோங் அக்கா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "எட்டு மடிப்பு! ஆண்டு விழா! எல்லாமே எட்டு மடிப்பு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அதே கத்தல். பெய்லான் கொட்டாவி விட்டபடி கட்டத்தில் எண்பது என்று தட்டிவிட்டு, மாமியாரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர எழுந்து போனாள்.

சனிக்கிழமை காலையில் அவள் கணினியைத் திறந்தபோது, தள்ளுபடி வரிசையின் உச்சியில் பனியன்காரன் பையோடு ஓடிக்கொண்டிருந்தான். ஐயோ, முதல் இடம்! ஒரு நொடி சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. அடுத்த நொடி விலையைப் பார்த்தாள். பழைய விலையில் ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் பாதி கடைக்காரனுக்குப் போய்விடும். கிட்டத்தட்ட சும்மா அள்ளிக் கொடுத்த மாதிரி.

மாற்றச் சொல்லிக் கடைக்கு எழுதினாள். அறிவித்த விலையை வாரம் முடியும்வரை மாற்றுவதற்கில்லை என்று, கேட்பதற்கு முன்பே தயாராக வைத்திருந்ததுபோல ஒரு பதில் உடனே வந்து விழுந்தது.

அந்த நேரத்தில்தான் மிங்ஷான் முட்டை ரொட்டியும் சோயாப் பாலும் வாங்கிக்கொண்டு மேலே வந்தான்.

"பாத்தியா? பாத்தியா? நம்ம ஆளு மொத எடத்துல ஓடறான்!"

"பாத்தேன்."

"ராத்திரியெல்லாம் வித்திருக்கு. ஒரு மாசத்துல விக்கிறத விட அதிகம். கும்பலா வந்து வாங்கியிருக்கானுங்க."

"ஆமா."

"என்னடி, எழவு வீட்டுல பேசற மாதிரி ஆமாங்கற?"

"தூக்கம் வரல. அதான்."

அவன் ரொட்டியைப் பிரித்தான். மிளகாய்க் குழம்பைத் தடவினான். கடிக்கவில்லை. அவளைப் பார்க்காமல், "அப்ப வெய்சியோங்குக்குப் போன் பண்ணி வரலன்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டான்.

இதோ, சொல்லவேண்டிய நேரம் இதுதான். எண்பது என்று தப்பாகப் போட்டுவிட்டேன், இந்தக் கும்பல் பாதி காசுக்குக்கூட ஆகாது, நீ அவசரப்படாதே என்று சொல்லவேண்டும். பெய்லான் வாயைத் திறந்தாள். ஹோங் அக்கா வீட்டுப் பேரிக்காய்ப் பெட்டிதான் கண்முன் வந்து நின்றது.

"பண்ணு" என்றாள்.

"நெசமாவா?"

"பண்ணுன்னா பண்ணு. எத்தன தடவ கேப்ப?"

அவன் பால்கனிக்குப் போய்ப் பேசினான். வெய்சியோங் அந்தப் பக்கம் கத்துவது அறைவரை கேட்டது. "இல்லப்பா, இங்கயே இருக்கேன். ஆமாப்பா, முட்டாள்தான், ஒத்துக்கறேன். சரி, வேற ஆளப் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு மிங்ஷான் உள்ளே வந்து, ஆறிப்போன ரொட்டியைச் சாப்பிட உட்கார்ந்தான்.

அன்று முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டிய புருஷனை ஏமாற்றி ஒரு வேலையைக் கெடுத்தாயிற்று. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வாங்கியவர்களிடமிருந்து அஞ்சல் வந்து குவிந்தது. தொட்டி ஏன் இல்லை, தொட்டி எங்கே, தொட்டி வைத்தால் என்ன. அத்தனைக்கும் பதில் எழுதினாள். மலிவாக வாங்கியவன்தான் நிறையக் கேள்வி கேட்பான் என்பது அன்றைக்கு அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. மிங்ஷான் தன் மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சாயந்திரம் பியானோ பாட்டுக் கேட்டது. நிஜ வண்டி. இருவரும் ஆளுக்கு இரண்டு பையோடு இறங்கிச் சந்து முனையில் நின்றார்கள். தெருவே பையோடு நின்றது. மஞ்சள் வண்டி திருப்பத்தில் மெதுவாக வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் வராத பேச்சு தெருவில் வந்துவிட்டது.

"ஆ-ஷான், ஒண்ணு சொல்லணும். கத்தாத."

"சொல்லு."

"வெலைய நான் தப்பாப் போட்டுட்டேன். எட்டு மடிப்புன்னு நெனச்சு எண்பதுன்னு அடிச்சுட்டேன். ரெண்டு மடிப்புக்குப் போயிட்டிருக்கு. பத்துல ரெண்டுதான் வருது. அவ்வளவு வித்தும் ஒண்ணும் தேறாது."

அவன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"காலைல நீ எந்திரிக்கறதுக்கு முந்தியே பாத்துட்டேன். வெல போட்டிருக்குல்ல? எனக்கு நம்பர் படிக்கத் தெரியாதா?"

பெய்லானுக்குச் சுருக்கென்றது. "தெரிஞ்சுகிட்டேவா போன் பண்ணின? உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"நீ வேணும்னே போட்டேன்னு நெனச்சேன்டி. இந்த ஆட்டம் ஒழியட்டும், கடைய மூடட்டும், இவன் சூசோவ் போய்ச் சம்பாதிக்கட்டும்னு. ஆறு மாசமா நீ இந்த வேலையக் கரிச்சுக் கொட்டறத நான் கேக்கலையா? அதான் போன் பண்ணட்டுமான்னு கேட்டுப் பாத்தேன். வேணாம், கெளம்புன்னு நீ சொல்லுவன்னு நெனச்சேன். நீ என்னடான்னா பண்ணுங்கற!"

"நீ பாக்கலன்னு நெனச்சுத்தான் பண்ணுன்னேன்! உண்மையச் சொன்னா நீ போயிடுவ இல்ல?"

வண்டி அவர்கள் முன்னால் வந்து நின்றது. ஆட்கள் எறிந்தார்கள். ஹோங் அக்கா இரண்டு பையை வீசிவிட்டு, "நகருங்கடா, வழிய மறிச்சுகிட்டு" என்று முழங்கையால் இடித்துவிட்டுப் போனாள். இவர்கள் இருவரும் பையைப் பிடித்தபடியே நின்றார்கள்.

"எனக்கு இந்த வேல மேலதான் வெறுப்பு" என்றாள் பெய்லான். குரல் உடைந்துவிட்டது. "உன் மேல இல்ல. மடையா. அலுத்துப்போச்சு, ஒடம்பெல்லாம் வலிக்குது, அந்தத் தொட்டிக் கேள்வியக் கேட்டா எங்கயாச்சும் போய் முட்டிக்கலாம்போல இருக்கு. அதுக்காக நீ போகணும்னா அர்த்தம்?"

"அத வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்? போறேன்னு நான் சொன்னப்ப என்ன சொன்ன? சரின்னே. எவ்வளவு அழகா 'சரி'ன்னே. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல." அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிக்கப் பார்த்தான். "போகாதங்கற ஒரு வார்த்தைய உன்கிட்டேர்ந்து வாங்க ஊர் ஒலகத்துக்கெல்லாம் ரெண்டு மடிப்புல அள்ளிக் கொடுக்க வேண்டியதாப்போச்சு. அப்பவும் நீ இன்னும் சொல்லல."

"இனிமே எதுக்கு? அதான் போகலன்னு சொல்லியாச்சே."

"சொல்லுடி. காசு கொடுத்திருக்கேன்."

அவள் சொல்லப் பார்த்தாள். இத்தனை நாள் நின்ற முள் அவ்வளவு லேசில் வருமா? தொண்டையைச் செருமினாள். செருமியது அதிகமாகிவிட்டது. வந்த சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"போகாத!"

வண்டி அந்த நேரத்தில்தான் கிளம்பியிருந்தது. பின்பக்கம் தொற்றிக்கொண்டிருந்த தொழிலாளி அவளையும் நான்கு பைகளையும் பார்த்துக் கையை விரித்தார். "நிக்க முடியாதும்மா! நாளைக்கு ஞாயித்துக்கெழம, வண்டி கெடையாது! திங்கக்கெழம வாங்க!"

பியானோ பாட்டு அடுத்த தெருவுக்குத் திரும்பியது. ஹோங் அக்கா கடை வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "குப்ப வண்டி ஆட்டம் செஞ்சவங்களே வண்டிய விட்டுட்டீங்களேடா!"

மிங்ஷான் பெய்லானின் கையிலிருந்த பைகளில் கனமானதைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டான். நேற்றைய மீன் தலை அதில்தான் இருந்தது, திங்கட்கிழமைக்குள் அறை நாறிவிடும். இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார்கள்.