விடுப்பு வாங்கும் ஆட்டம்

எங்கள் அலுவலக விதிமுறைப் புத்தகம் நூற்று நாற்பது பக்கம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை என்று மேலாளருக்கு ஒரு மனக்குறை. பழைய ஆட்களும் படித்ததில்லை, அவர் உட்பட. ஒரு திங்கட்கிழமை, அலுவலகக் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிற என்னைக் கூப்பிட்டார்.

"இதை ஒரு விளையாட்டாப் பண்ணிடுங்க. படம் கிடம் எதுவும் வேண்டாம், எழுத்து மட்டும் போதும். வர்றவங்க டைப் பண்ணி விளையாடியே விதிமுறையைக் கத்துக்கணும். அடுத்த வாரம் வியாழக்கிழமை பத்து மணிக்கு எல்லாருக்கும் போட்டுக் காட்டுங்க."

அதே வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குத்தான் அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். நான் ஒரே மகள். கூட இருப்பவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே கொண்டு போவோம் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தேதியை விட்டால் அடுத்தது நாலு மாதம் கழித்து. அம்மா மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்குவதை இன்னும் நாலு மாதம் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

"சார், அன்னைக்கு லீவு கேட்டு எழுதிக் கொடுத்து பத்து நாளாச்சு," என்றேன்.

"கொடுத்துட்டீங்கல்ல, அது பாட்டுக்கு வரும்," என்றார்.

எழுத்து விளையாட்டு எழுதுவது பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெயர், இரண்டு வரி வர்ணனை, எந்தக் கதவு எங்கே போகும் என்று ஒரு பட்டியல். ஆடுகிறவர் கையில் ஒரு பை, அதில் என்ன இருக்கிறது என்று இன்னொரு பட்டியல். அவர் "படிவத்தைக் கொடு" என்று தட்டினால் நிரல் அதை உடைத்து, என்ன பொருள், என்ன செயல் என்று பார்க்கும். விதி இடம் கொடுத்தால் செய்யும், இல்லாவிட்டால் "அது முடியாது" என்று சொல்லும். அந்த ஒரு வரியை எழுதியதுமே எங்கள் அலுவலகத்தில் பாதி முடிந்துவிட்டது.

ஆட்டத்துக்கு ஓர் இலக்கு வேண்டும். என் மனசில் ஒன்றேதான் ஓடிக்கொண்டிருந்தது என்பதால், விடுப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதையே இலக்காக வைத்தேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, என் கைச்சரக்கு எதையும் சேர்க்காமல், விடுப்புப் பகுதியை மட்டும் வரிக்கு வரி ஆட்ட விதியாக மாற்றினேன்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்தது. ஆட்டத்தை முடிக்க முடிகிறதா என்று பார்க்க ஒரு சின்ன சோதனை நிரலும் எழுதினேன். அது எல்லா அறைக்கும் போகும், எல்லாப் பொருளையும் எல்லாரிடமும் கொடுக்கும், சலிக்காமல். நாலாயிரத்துச் சொச்சம் வழிகளில் போய்ப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதியது: பாதை இல்லை.

நான்தான் எங்கோ சொதப்பிவிட்டேன் என்று நினைத்தேன். பேப்பரில் போட்டுப் பார்த்தபோது மூன்றே வரி வந்தது. மேலாளர் கையெழுத்துப் போடப் பணியாளர் பிரிவின் முத்திரை வேண்டும். முத்திரை விழ, வேலையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பக்கத்து சீட்டுக்காரர் கடிதம் தர வேண்டும். பக்கத்து சீட்டுக்காரர் கடிதம் தர, மேலாளர் கையெழுத்துப் போட்ட விடுப்பு வேண்டும். நான் தாமதம் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்த என் படிவம், தாமதமே ஆகவில்லை. மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. பக்கத்து சீட்டுக்காரரிடம் போனேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.

"நீங்க எப்படி லீவு வாங்கினீங்க?"

"நான் எங்க வாங்கினேன்? என் கல்யாணத்தையே ஞாயித்துக்கிழமைக்கு மாத்திட்டோம்ல."

பணியாளர் பிரிவில் முத்திரையைப் பூட்டி வைத்திருக்கும் பெண் அதிகாரிக்கு எங்களுக்குள் முத்திரை மேடம் என்று பெயர். அவர் பேப்பரைப் பார்த்துவிட்டு, "ஆமா, வட்டமாத்தான் இருக்கு. ஆனா ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பாத்தா சரியாத்தானே இருக்கு," என்றார்.

மேலாளர் பொறுமையாகக் கேட்டார். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார், அதில் குறை சொல்ல முடியாது.

"அந்த சோதனை நிரல் எத்தனை தடவை முயற்சி பண்ணுச்சு?"

"நாலாயிரம் சார். இருக்கிற எல்லா வழியும்."

"இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணச் சொல்லுங்க. இப்பல்லாம் யாருக்கும் விடாமுயற்சி இல்லை."

சொல்லாமல் கொள்ளாமல் போய்விடலாம்தான். தொண்ணூற்றாறாம் பக்கப்படி அன்றே வேலை போகும். எங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்தி. புதன்கிழமை முழுக்க அந்தப் பாழாய்ப்போன புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்தேன். நூற்று முப்பத்தெட்டாம் பக்கத்தில், அடிக்குறிப்பு எழுத்தில் ஒரு விதி இருந்தது. மேலாளர் தம் கைப்பட இடும் உத்தரவுக்கு வேறு எவருடைய ஒப்புதலும் தேவையில்லை. அவரிடம் காட்டினால், இதற்கும் முத்திரை வாங்கி வரச் சொல்வார். அதனால் காட்டவில்லை. நிரலில் ஒரு கதவு மட்டும் சேர்த்தேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூட்ட அறையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். மேலாளர் தம்முடைய பெயரில் லாகின் செய்து, தாமே ஆட உட்கார்ந்தார். சுவரில் பெரிதாக எழுத்து விழுந்தது.

"நீ மேலாளர் அறையில் இருக்கிறாய். மேலாளர் இருக்கிறார். அவர் இன்னும் உன்னைப் பார்க்கவில்லை."

"தத்ரூபமா இருக்கு," என்றார் பக்கத்து சீட்டுக்காரர். மேலாளர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

படிவத்தைக் கொடுத்தார். முத்திரை இல்லை என்று மேலாளரே மேலாளரைத் திருப்பி அனுப்பினார். முத்திரைக்குப் போனார், கடிதம் கேட்டது. கடிதத்துக்குப் போனார், கையெழுத்துக் கேட்டது. மூன்றாவது சுற்றில் கழுத்துப் பட்டனைக் கழற்றினார். ஐந்தாவது சுற்றில், "இந்த ஆளு ஏன் இப்படி இழுத்தடிக்கிறான்," என்று தம்மையே திட்டினார். முத்திரை மேடம், "கடிதம் இல்லாமயே போட்டுத் தொலைச்சா என்ன," என்றார். மணி பதினொன்று பத்து. என் கையில் பை இருந்தது, கால் தரையில் நிற்கவில்லை.

கடைசியில் மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "முடியலைம்மா. என்ன டைப் பண்ணணும், நீங்களே சொல்லுங்க."

"வெளியே போன்னு டைப் பண்ணுங்க சார்."

தட்டினார்.

"நீ வெளியே வந்துவிட்டாய். வெயில் அடிக்கிறது. பன்னிரண்டு மணிக்கு அம்மாவை உள்ளே கொண்டு போவார்கள். ஓடினால் பிடித்துவிடலாம். ஆட்டம் முடிந்தது."

மேலாளர் இரண்டு தடவை படித்தார்.

"யாரோட அம்மா?"

"எங்கம்மா சார்."

"வெளியே போக யார் உத்தரவு கொடுத்தது?"

"நீங்கதான் சார். உங்க லாகின்ல, உங்க கைப்பட. நூத்து முப்பத்தெட்டாம் பக்கம்." புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அம்மாவைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

"கையெழுத்து போட்டாங்களா?" என்றாள் அம்மா. மூன்று வாரமாக தினமும் கேட்கிற கேள்வி.

நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினார். நான் போட்டேன். முத்திரை இல்லை, கடிதம் இல்லை. நர்ஸ் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளினார். அம்மா போகும்போது என் விரலைப் பிடித்து ஒரு தரம் அழுத்தினாள். அந்தக் கதவு மூடியபிறகுதான் நான் அழுதேன்.

ஒரு மணிக்கு மேலாளர் போன் செய்தார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"உள்ளே இருக்காங்க சார்."

"சரி. நாங்க மூணு பேரும் இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கோம். யார் உட்கார்ந்தாலும் நேரா 'வெளியே போ'ன்னுதான் டைப் பண்றாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் பதினோரு வருஷமா ஊருக்குப் போகலைம்மா. அந்த உத்தரவை எனக்கு யார் டைப் பண்ணுவா?"