சுருட்டை முடிக்கு ஒரு டப்பா

ரம்யாஸ்ரீக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. பதின்மூன்று வயதில் அது தோளுக்கு மேல் குடை மாதிரி விரிந்து நின்றது. சீப்பை வைத்தால் பாதியில் சிக்கும், இழுத்தால் பிய்ந்துகொண்டு வரும், படியச் சீவி முடித்த கொஞ்ச நேரத்தில் பஞ்சாகப் பறக்கும். அவளுடைய அம்மா பத்மாசினி அந்த முடியோடு மல்லுக்கட்டாத நாளே கிடையாது. சீயக்காய் போட்டாள், முடி தேங்காய் நார் ஆனது. எண்ணெயை வழிய வழியத் தேய்த்துப் பின்னினாள். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை மூக்கைப் பொத்தினாள். வெந்தய விழுது, முட்டை, ஆளிவிதையைக் காய்ச்சி எடுத்த கூழ், விளம்பரத்தில் பார்த்த சீரம் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது. எதுவும் முழுசாகத் தீர்ந்ததில்லை. பாதி பாதியாக நின்ற பாட்டில்களால் குளியலறை அலமாரி நிறைந்துபோனது.

ரம்யாவுக்கு இதெல்லாம் பெரிய கவலையாக இல்லை. பள்ளியில் அவளை 'மைக்கு' என்று கூப்பிட்டார்கள். அதற்கு அவளே ஒரு கையை வாய்க்கு முன்னால் நீட்டி 'ஹலோ, ஹலோ, செக்' என்று சொல்லிச் சிரிப்பாள். பயமெல்லாம் பத்மாசினிக்குத்தான். நாத்தனார் மகளின் நிச்சயதார்த்தத்தில் அந்தப் பயத்துக்கு ஒரு குரல் கிடைத்தது. முனிச்சாலை மண்டபத்தில், சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் நடுவில், நாத்தனார் ரம்யாவின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் பிள்ளைக்குத் தலைவாரிவிட ஆள் இல்லையா என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். ரம்யாவும் சிரித்தாள். பத்மாசினியால் மட்டும் அன்று சாப்பிட முடியவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. அன்றைக்கே செல்போனில் தேடி, முடியை நேராக்கும் கிரீம் என்று போட்டிருந்த ஒரு டப்பாவை வரவழைத்தாள். அட்டையில் ஒரு பெண் நீர்வீழ்ச்சி மாதிரி விழுந்த முடியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வெள்ளை கிரீம், பிளாஸ்டிக் கையுறை, ஒரு தட்டைச் சீப்பு, பொடி எழுத்தில் நாலாக மடித்த ஒரு தாள். எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்பதை மட்டும் படித்துவிட்டு அந்தத் தாளைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"வேணாம்மா. மூக்கெல்லாம் எரியுது," என்றாள் ரம்யா, மூடியைத் திறந்ததுமே.

"ஒரே ஒரு தடவைதான். அத்தை வாயை அடைக்கணும்ல," என்றாள் பத்மாசினி.

அது ஒரு சனிக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்த நேரம். அப்பா ராஜாராம் விளக்குத்தூண் பக்கத்தில் இருக்கும் தன் ஜவுளிக் கடைக்குப் போயிருந்தார். நாகமலை புதுக்கோட்டையில் அவர்கள் குடியிருந்தது மாடிவீடு. வீட்டுக்கார அம்மா அன்னக்கொடி கீழே இருந்தாள். பத்மாசினி கையுறையை மாட்டிக்கொண்டு, மகளைக் குளியலறையில் முக்காலி போட்டு உட்காரவைத்து, கிரீமை அப்பி அப்பிச் சீப்பால் இழுத்தாள். முடி படியத்தான் செய்தது. நாலைந்து இழுப்பிலேயே, இத்தனை வருஷமாக எதற்கும் அடங்காத அந்த முடி, ஈரத்துணி மாதிரி மண்டையோடு ஒட்டிக்கொண்டது. பத்மாசினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ரம்யா நெளிய ஆரம்பித்தாள். எரிகிறது என்றாள். பொறுத்துக்கொள் என்றாள் அம்மா. பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முக்காலியின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அதைப் பார்த்ததும் பத்மாசினி நேரம் பார்க்காமல் குழாயைத் திறந்தாள்.

குழாய் இருமியது. ஒரு கை அளவு தண்ணீர் விழுந்தது. அப்புறம் வெறும் காற்று.

முந்தின நாள் சாயங்காலம் அன்னக்கொடி படிக்கட்டில் நின்று, நாளைக்குப் பூராவும் கரண்டு இருக்காது, மோட்டார் போட முடியாது, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள் என்று சொன்னது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. வாளியில் பாதிக்கும் குறைவாகத்தான் தண்ணீர் கிடந்தது. அதை எடுத்து மகளின் தலையில் ஊற்றினாள். கிரீம் போகவில்லை, கரைந்து நெற்றி வழியாக இறங்கியது. ரம்யா கையால் வழித்தாள். வழித்த கை வலது கண்ணில் பட்டது.

அந்த அலறலைப் பத்மாசினி அதற்கு முன் கேட்டதில்லை. வெளியே தமிழும் பள்ளியில் இங்கிலீஷுமாகவே பேசித் திரிகிற பிள்ளை, சின்ன வயதில் வீட்டில் பேசிய சௌராஷ்டிர மொழியில் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினாள். இறுக மூடிய கண்ணுக்கு மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு முக்காலியிலிருந்து தரையில் சரிந்தாள்.

பத்மாசினி அடுப்படிக்கு ஓடி, குடிதண்ணீர்க் கேனைத் தரையோடு இழுத்து வந்தாள். சொம்பால் மொண்டு மொண்டு மகளின் முகத்தில் ஊற்றினாள். ரம்யா கண்ணைத் திறக்க மறுத்தாள். கழற்றிய கையுறையைப் பத்மாசினி எங்கே எறிந்தாளோ, பிடிவாதமாக மூடிய அந்த இமையை வெறும் விரலால் பிரித்துக்கொண்டு ஊற்றினாள். உள்ளே வெள்ளை விழி ரத்தமாகச் சிவந்திருந்தது. கேனும் காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் பால்கனிக்கு ஓடி அன்னக்கொடியைக் கூப்பிட்டாள். என்ன வார்த்தை சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அன்னக்கொடி குடத்தோடுதான் மேலே வந்தாள். குளியலறையைப் பார்த்ததும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முதலில் பிள்ளையின் தலையைப் பின்பக்கமாகச் சாய்த்து, கிரீம் முகத்துப் பக்கம் வராதபடி முடியில் ஊற்றி அலசினாள். அப்புறம் கீழே போய் இன்னொரு குடம், அப்புறம் இன்னொன்று. அந்த இடைவெளியில் பத்மாசினி குப்பைக்கூடையைக் கவிழ்த்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தாள். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு நீண்ட நேரம் கழுவவும், தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லவும், பார்வை போகக்கூடும் என்று இங்கிலீஷில் இருந்தது. பார்வை போகக்கூடும் என்ற இடத்தில் அவள் கண் நின்றுவிட்டது.

"அம்மா, மங்கலாத் தெரியுது," என்றாள் ரம்யா. அழுகை அடங்கி, குரல் மெல்லியதாக வந்தது. பத்மாசினி தாளைப் போட்டுவிட்டு மகளைத் தூக்கி நிறுத்தினாள்.

தெருமுனை ஸ்டாண்டில் விருமாண்டியின் ஆட்டோ நின்றிருந்தது. கையில் கிடைத்த பாட்டிலிலெல்லாம் தண்ணீரை நிரப்பிக்கொண்டு மூன்று பேரும் ஏறினார்கள். பத்மாசினி பின்சீட்டில் மகளின் தலையை மடியில் போட்டு, இமையைப் பிரித்துப் பிடித்து, மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலால் சன்னமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் தண்ணீர் காதுக்கும் மூக்குக்கும் போனது, பிள்ளை திணறினாள். புடவையும் சீட்டும் ஆட்டோவின் தரையும் நனைந்து ஊறின. உன் வண்டி பாழாகிறதே என்று அன்னக்கொடி சொன்னபோது விருமாண்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, நீங்க பாட்டுக்கு ஊத்துங்க. ரோட்டை நான் பாத்துக்கிறேன்."

காளவாசல் வரைக்கும் வண்டி பறந்தது. அரசரடி தாண்டியதும் மெதுவானது. கோரிப்பாளையத்தில் நின்றே போனது. பஸ்ஸும் லாரியும் பைக்கும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்ற அந்த இடத்தில் கடைசிப் பாட்டிலும் தீர்ந்தது. பத்மாசினி வெறும் பாட்டிலை ஆட்டிப் பார்த்தாள். மகளின் மூடிய இமை துடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அந்தக் கிரீம் இன்னும் அரித்துக்கொண்டே இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. இந்தக் கண் இனிமேல் தெரியாவிட்டால், இந்தப் பிள்ளை நாளைக்கு வளர்ந்து, எப்படி ஆயிற்று என்று யாராவது கேட்கும்போது என்ன சொல்லுவாள்? முடி சுருட்டையாக இருந்தது, அதனால் அம்மா இப்படிச் செய்தாள் என்றா?

அன்னக்கொடி அதற்குள் இறங்கி, பஸ்களுக்கு நடுவில் புகுந்து, ஒரு பெட்டிக்கடையிலிருந்து தண்ணீர்ப் பாட்டில்களை இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். சிக்னல் விழுவதற்குள் ஏறிக்கொண்டாள். "ஊத்துத்தா, நிப்பாட்டாத," என்று மட்டும் சொன்னாள்.

ராஜாராமின் அழைப்பு இரண்டு முறை வந்தது. சும்மா ஏதோ கேட்பதற்காக இருக்கும். பத்மாசினி எடுக்கவில்லை. எடுத்தால் சொல்ல வேண்டும். அடுத்த பாட்டிலைத் திறந்தாள்.

அண்ணாநகர் கண் ஆஸ்பத்திரியில் விஷயத்தைச் சொன்னதும் வரிசையில் நிற்கவிடாமல் நேராக உள்ளே கொண்டுபோனார்கள். இளவயது டாக்டர் ஒருவர், சட்டையில் சரண்யாதேவி என்ற பெயர், ஒரு சிறு காகிதத் துண்டைக் கண்ணின் ஓரத்தில் தொட்டு எடுத்து, கிரீமின் காரம் இன்னும் இருக்கிறதா என்று அதன் நிறத்தைப் பார்த்தார். பிறகு மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, இமையை மடித்து, குளுக்கோஸ் பாட்டில் மாதிரி தொங்கிய ஒன்றிலிருந்து குழாய் வழியாகக் கழுவ ஆரம்பித்தார். ஒரு பாட்டில் முடிந்து அடுத்தது ஏறியது. நடுநடுவே காகிதத் துண்டைத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பத்மாசினி டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் கண்ணில் ஏதோ சாயம் விட்டு, விளக்கை அணைத்து, நீல ஒளியில் பார்த்தார். இருட்டில் மகளின் கருவிழியில் ஒரு பச்சைத் திட்டு ஒளிர்வதைப் பத்மாசினியும் பார்த்தாள்.

பச்சையாகத் தெரிகிற இடத்தில் கருவிழியின் மேல்தோல் உரிந்திருக்கிறது, ஆழமாகப் போகவில்லை என்று டாக்டர் சொன்னார். வழியெல்லாம் கழுவிக்கொண்டே வந்ததால்தான் இந்த அளவோடு நின்றது, பெரும்பாலும் ஆறிவிடும், ஆனால் சில நாள் தினமும் காட்ட வேண்டும், அதற்கு முன்னால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. பெரும்பாலும் என்ற சொல்லை வைத்துக்கொண்டு பத்மாசினி வராந்தாவில் உட்கார்ந்தாள். அங்கிருந்துதான் கணவனுக்குப் பேசினாள்.

ராஜாராம் வந்து சேர்ந்தபோது சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மகளின் ஒரு கண்ணில் கட்டு. காதோரம் தோல் வெந்து சிவந்திருந்தது, அந்த இடத்தில் முடி கொத்தாக உதிர்ந்திருந்தது. அவர் மனைவியைப் பார்த்து, யார் சொல்லி இதைப் போட்டது என்று கேட்டார். குரல் உயரவே இல்லை.

பத்மாசினி வாயைத் திறப்பதற்குள் ரம்யா முந்திக்கொண்டாள். "நான்தான்பா கேட்டேன். பள்ளிக்கூடத்துல கிண்டல் பண்றாங்கன்னு. அம்மா வேணாம்னுதான் சொன்னாங்க."

கட்டுப் போடாத அந்த ஒரு கண் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் வலி இருந்தது. அதைவிட அதிகமாக, அப்பா அம்மாவை என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயம் இருந்தது. தன் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்துத்தான் பிள்ளை இப்படிச் சொல்கிறாள் என்று பத்மாசினிக்கு விளங்கியது. காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று ஆனது அந்த நிமிஷத்தில்தான். அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. பிள்ளையும் ஒருநாளும் சொல்லமாட்டாள்.

"இல்லங்க," என்றாள் பத்மாசினி. "அவ வேணாம்னா. எரியுதுன்னா. நான்தான் உக்காருன்னு சொல்லிப் போட்டேன். உங்க அக்கா சொன்னது எனக்குத் தாங்கல."

ராஜாராம் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். திட்டு விழும் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். காலில் செருப்பில்லை என்பதை அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள்.

பச்சைத் திட்டு நாளுக்கு நாள் சுருங்கியது. ஒவ்வொரு முறை விளக்கை அணைக்கும்போதும் பத்மாசினி கிட்டே போய் எட்டிப் பார்த்தாள். ஒருநாள் அது முழுசாக மறைந்திருந்தது. ரம்யா எதிர்ச்சுவரில் இருந்த கடைசி வரி எழுத்து வரைக்கும் படித்தாள். டாக்டர் போகலாம் என்று சொன்ன பிறகும் பத்மாசினி எழுந்திருக்காமல், இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள் என்றாள். அவர் சிரிக்காமல் இன்னொரு தடவை பார்த்தார்.

தலைத்தோல் ஆறத்தான் நாளானது. அதைப் பார்த்த தோல் டாக்டர், இந்த முடிக்கு நோய் ஒன்றும் கிடையாது, தாகம்தான் என்றார். நுரை குறைந்த ஷாம்பு வாரத்துக்கு ஒன்று இரண்டு முறை, பிறகு கண்டிஷனர், அது தலையில் இருக்கும்போதே ஈரத்தோடு விரலாலோ அகலப் பல் சீப்பாலோ சிக்கெடுப்பது, காய்ந்தபின் சீப்பே வைக்காமல் இருப்பது. அவ்வளவுதான். புதிதாக எதை வாங்கினாலும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒருநாள் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்.

திருமங்கலத்தில் நடந்த நாத்தனார் மகளின் கல்யாணத்துக்கு அவர்கள் போகத்தான் செய்தார்கள். ரம்யாவின் காதோரம் வழுக்கையாகத் தெரிந்தது. மற்ற முடி தன் இஷ்டத்துக்குப் பறந்தது. நாத்தனார் பார்த்தாள், ஏதோ சொல்ல வந்தாள், ராஜாராம் அவளைத் தனியே கூப்பிட்டுக்கொண்டு போனார். என்ன பேசினார் என்று பத்மாசினி கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் அம்மாவும் மகளும் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போய், ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து, பின்பக்கத்து எழுத்தை எல்லாம் வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் படித்தார்கள். கடைக்காரர் பொறுமை இழந்து வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். ரம்யா மணம் குறைந்த ஒரு கண்டிஷனரைத் தேர்ந்தெடுத்தாள். பத்மாசினி அதைத் தன் முழங்கையில் தடவினாள். ஒருநாள் பொறுத்தாள். அப்போதும் மகளின் தலையைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. முதலில் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

பத்மாசினி, தான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே ஈரம் காய்வதற்கு முன் எண்ணெய் வைத்து இழுத்துக் கொண்டை போட்டுக்கொள்கிறவள். அன்று கட்டாமல் காயவிட்டாள். சாயங்காலம் கடையிலிருந்து வந்த ராஜாராம் வாசலில் செருப்பைக் கழற்றியபடியே நின்றுவிட்டார். "உனக்கும் இம்புட்டுச் சுருட்டையா?" என்றார்.

உள்ளே ரம்யா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முக்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. வாம்மா என்று கூப்பிட்டாள். பத்மாசினி போனாள். கண்டிஷனர் பாட்டிலைக் கையில் எடுத்தாள். மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையை அவள் பக்கம் சாய்த்தாள்.