செல்லோடேப் ஒட்டிய கேசட்

பழங்காநத்தத்தில், பழைய கேசட் பாடல்களைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் பசுபதியிடம் ஸ்யாமளா ஒரு கேசட்டை நீட்டினாள்.

"தொண்ணூத்தஞ்சு தீபாவளிக்கு, ரெண்டாவது பக்கத்துல டான்ஸ் பாட்டு பதிய உங்ககிட்டதான் குடுத்தேன்ணே. முதல் பக்கத்துல எங்கக்கா சொந்தமாப் பாடுனது. திரும்பி வந்தப்ப அது இல்ல. 'குடுத்தப்பவே இல்லம்மா'ன்னீங்க. பொறாமையில நான்தான் அழிச்சேன்னு அக்கா இன்னமும் பேச மாட்டேங்குறா. கொஞ்சமாச்சும் மிச்சமிருக்கா பாருங்க."

பசுபதி கேசட்டைத் திருப்பினான். முதல் பக்கம் அழியாதிருக்க உடைத்திருந்த மூலைத் துளையை ஒரு செல்லோடேப் மூடியிருந்தது. துளையை மூடினால்தான் அந்தப் பக்கத்தில் மறுபடி பதிய முடியும். கூட்ட அவசரத்தில் பக்கம் மாறி அவன்தான் அதை ஒட்டி, அக்காவின் பாட்டு மேலேயே பதிந்திருந்தான். தெரிந்தேதான் அன்று பொய் சொன்னான்.

"அழிச்சது நாந்தாம்மா" என்றான், தலை நிமிராமல். "அக்காவுக்கு போன் போடுங்க. நானே சொல்றேன்."

ஸ்யாமளா அவனை வெறித்தாள். பிறகு அக்காவின் எண்ணை அழுத்தி போனை நீட்டினாள்.

அவன் அழித்த அதே குரல், "யாரு?" என்றது.