கீறலுக்கு அடியில் இருந்த தண்ணீர்

படகோட்டி கருப்பையாவின் சம்பான் எந்தத் துறையில் நின்றாலும், அதன் வலப்பக்க விளிம்பில் உள்ள பழைய கீறலுக்கு நேர் கீழே மட்டும், ஒரு சாண் அகலத்துக்கு, பத்து வருடத்துக்கு முந்தைய தண்ணீர் இருக்கிறது. சுற்றிலும் மழைக்காலச் சேறு ஓடும்போதும் அங்கே சித்திரை வெயிலின் இளஞ்சூடு. பசுண்டாங் ஓடையில் படகு விடுகிறவர்கள் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

கீறியவர் தாகேதாப் பேட்டையில் குடியிருக்கும் தேவநேசன். பர்மியப் புத்தாண்டான திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவன்று மனைவி பெர்சிஸோடு ஓடையைக் கடக்கையில், எதிர்ப்படகிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் வந்து விழுந்ததில் அவருடைய கல்யாண மோதிரம் கழன்று போனது. "முப்பது வருசம் விரல்ல கெடந்தது, ஒரு வாளித் தண்ணிக்கு ஓடிப்போச்சாக்கும்! நாளைக்கு என்னையும் இப்படித்தான் தொலைப்பீங்க" என்றாள் பெர்சிஸ். பதற்றத்தில் அவர், மோதிரம் விழுந்த இடத்துக்கு அடையாளமாகப் படகிலேயே கத்தியால் கீறினார். கரை சேர்ந்ததும் கீறலுக்கு அடியில் துழாவினார். துறையே சிரித்தது. மூன்றாம் வருடம் பெர்சிஸ் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவர் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்து துழாவினார், சேறுதான் வந்தது.

தமிழ்ச் சங்கத் தலைவர், பர்மிய மரியாதைப்படி ‘ஊ’ விநாயகமூர்த்தி, இதை ஆண்டுவிழாவில் ஐம்பது நிமிடம் விளக்கினார். பழஞ்சீனத்துச் சூ நாட்டான் ஒருவன் ஆற்றில் வாளைத் தவறவிட்டு, படகில் கீறி வைத்து, கரையில் இறங்கித் தேடினானாம். படகு நகரும், வாள் நகராது; காலம் போனது தெரியாத மடையனைச் சீனர்கள் நாலே எழுத்தில் இப்படிச் சொல்லிவிடுகிறார்களாம். லான்மடாவ் பேட்டைச் சீன மருந்துக்கடையில் மூலத்துக்கு லேகியம் வாங்கும்போது கேட்ட கதை, மேடையில் அவரது ஆராய்ச்சியாகியிருந்தது. முன்வரிசையில் தேவநேசனும் கைதட்டினார்.

அடுத்த ஞாயிறு கீறலுக்கு அடியில் தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. விரலில் மோதிரம் தட்டுப்பட்டது. கூடவே, "முப்பது வருசம் விரல்ல கெடந்தது" என்று பெர்சிஸின் குரல் ஏறிவந்தது. மோதிரத்தை வெளியே எடுத்தார். குரல் நின்றது, தண்ணீர் குளிர்ந்தது.

"என்ன தேவநேசண்ணே, கெடச்சிருச்சா?" என்று பின்னர் கேட்டார் கருப்பையா.

"கெடச்சிருச்சு. போட்டுட்டேன்."

"விரல்லயா?"

"தண்ணியில."

மறுவாரம் தலைவர் கீறுவதற்கு ஒரு ஆணியோடு வந்தார். முன்னொரு காலத்தில் அக்கரை விழாவிலிருந்து இதே சம்பானில் திரும்புகையில் காற்றில் பறந்து ஓடையில் விழுந்த தன் பொன்னாடை விஷயமாக, ஆராய்ச்சிக்குத்தான் என்றார். இடப்பக்கம் காலியாக இருப்பதாகக் கருப்பையா சொன்னார்.

இன்று சம்பானில் நாற்பத்தொரு கீறல்கள். அடுத்தவர் கீறலுக்கு அடியில் கை விடக் கூடாது என்பது மட்டும்தான் விதி. தேவநேசன் ஞாயிறுதோறும் வந்து, பெர்சிஸிடம் திட்டு வாங்கிக்கொண்டு, வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார்.