விரல் நீள வேர்

வாட்ச் ரிப்பேர்காரருக்கு அந்தத் தெருவில் ஒரு பெயர் உண்டு. நின்றுபோன கடிகாரம் எதுவானாலும் ஓட வைத்துவிடுவார். உயிருள்ளது எதைக் கொடுத்தாலும் ஒழித்துக்கட்டிவிடுவார். தொட்டி மீன் போயிற்று, ரோஜாச் செடி போயிற்று, கடைசியில் கற்றாழையும் போயிற்று. கற்றாழையைச் சாகடிக்க எப்பேர்ப்பட்ட திறமை வேண்டும், நீங்களே சொல்லுங்கள்!

அப்படிப்பட்டவரிடம் தன் குட்டி ஆர்க்கிட்டை விட்டுவிட்டு, தங்கையின் பிரசவத்துக்காக ஒன்றரை மாதம் வெளியூர் போக வேண்டியதாகிவிட்டது அவர் மனைவிக்கு. மொத்தச் செடியும் ஒரு டீ கப் உயரம்தான். வீட்டில் வெளிச்சம் போதாதென்று கடை ஜன்னலில் வைத்திருந்தாள். பூத்து முடிந்த தண்டின் கணுவில் இரண்டு இலையோடு ஒரு குழந்தைச் செடி முளைத்திருந்தது. ஏழு வருஷத்தில் இதுதான் முதல் குழந்தை.

"ரெண்டு வேராவது விரல் நீளம் வளரணும். அதுவரைக்கும் தாய்கிட்டயேதான் இருக்கணும். தாய்க்குத் தண்ணி ஊத்தினாப் போதும், நடுக் குருத்துல படக்கூடாது. மத்தபடி கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருங்க" என்றாள்.

சும்மா இருப்பது ஒன்றுதானே அவருக்கு வராது! அவள் திரும்பி வரும்போது குழந்தை தனித் தொட்டியில் ஜம்மென்று நிற்க வேண்டும், அவள் வாயடைத்துப் போக வேண்டும் என்று மனுஷனுக்கு ஆசை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் 'உங்களை நம்பி விடலாம்' என்று அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதைக் கேட்காமல் கண்ணை மூடக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தார்.

பதினோராம் நாள் காலை, வேலைக்கு நடுவே, கண்ணில் செருகிய பூதக்கண்ணாடியோடு செடிப் பக்கம் திரும்பினார். அடேயப்பா! வேர் இரண்டும் விரலையே தாண்டியிருந்தன. பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்தார், நறுக்கென்று வெட்டினார், வெட்டிய இடம் அழுகாமலிருக்க லவங்கப்பட்டைப் பொடி தடவினார். எல்லாம் அவள் எப்போதோ சொன்ன முறைப்படிதான்.

பக்கத்துக் கடை சாவிக்காரர் எட்டிப் பார்த்தார். குழந்தைச் செடியின் பக்கத்தில் ஒரு பூட்டுச் சாவியை வைத்தார். வேர், சாவியின் பல் அளவுகூட இல்லை.

"யோவ் வாட்ச், முதல்ல கண்ல இருக்கிறதைக் கழட்டுய்யா!"

கழற்றினார். பிளேடை மெதுவாகக் கீழே வைத்தார்.

வெட்டியதை ஒட்ட வைக்க முடியுமா? ஈரப் பாசியைப் பிழிந்து அதில் உட்கார வைத்து, ஒரு பழைய மேசைக் கடிகாரத்தின் கண்ணாடிக் கூட்டைக் கவிழ்த்து மூடினார். வெயில் நேராகப் படாமல் ஜன்னலிலிருந்து தள்ளி வைத்தார். காலையும் மாலையும் காற்றுக்காகக் கொஞ்ச நேரம் திறந்து, புகை மாதிரி தண்ணீர் தெளித்தார். சாயங்காலம் போனில் மனைவி "எப்படி இருக்கு?" என்றாள். "அதுக்கென்ன, ராணி மாதிரி இருக்கு" என்று புளுகினார்.

வெட்டிய ஏழாம் நாள் ஒரு இலை மஞ்சளாகி உதிர்ந்தது. மிச்சம் ஒரே இலை, அதுவும் துவண்டு கிடந்தது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவராகவே போன் போட்டு, ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார்.

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"பட்டைப் பொடி வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"மூடி?"

"மூடியிருக்கேன். ரெண்டு வேளை திறந்து விடறேன்."

"பாசி சொதசொதன்னு இருக்கா?"

"இல்ல, பிழிஞ்சுதான் வெச்சேன்."

"சரி. தூக்கித் தூக்கிப் பாக்காதீங்க" என்று வைத்துவிட்டாள். அவள் திட்டாததுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

பிறகு தொடவேயில்லை. கை துறுதுறுக்கும்போதெல்லாம் சாவிக்காரர் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். நாலாவது வாரம் பாசிக்கு மேலே பச்சையாக ஒரு வேர் நுனி எட்டிப் பார்த்தது. வெறுங்கண்ணாலேயே பார்த்தார். சாவிக்காரரையும் இழுத்து வந்து பார்க்க வைத்தார்.

மனைவி வந்து கண்ணாடிக் கூட்டைத் திறந்து நெடுநேரம் பார்த்தாள். புது இலை ஒன்று வந்துகொண்டிருந்தது. "ம்" என்றாள், அவ்வளவுதான். நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும் என்று அவருக்கு ஒரு வாரம் கோபம்.

அடுத்த மாதம் தங்கை மறுபடி கூப்பிட்டாள். கடைக்கு எதிரே பஸ் வந்ததும் மனைவி பையோடு ஏறி உட்கார்ந்தாள். அவர் பதறிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினார்.

"இந்தாம்மா, செடிக்கு என்ன பண்ணணும்னு ஒண்ணுமே சொல்லாமப் போறியே!"

"எதுக்குச் சொல்லணும்? நீங்கதான் இருக்கீங்களே."

பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த பஸ்ஸின் கண்டக்டர் "ஏறுறீங்களா இல்லையா சார்?" என்று அதட்டிய பிறகுதான், கடையைத் திறந்து போட்டுவிட்டு நடுரோட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது அவருக்கே தெரிந்தது.